பின்பக்கம் தள்ளி வைத்த மோட்டார்

ராணுவக் குடும்பங்களின் நலம் பற்றி எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. போர்ட்டிக்சன் பக்கத்து ராணுவக் குடியிருப்புகளில் தமிழ் பேசும் வீடுகளுக்குப் போய்வர ஓர் ஆள் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டபோது கையைத் தூக்கினேன். என் அண்ணன் ராணுவத்தில், கடல் தாண்டிச் சபா எல்லையில் இருந்தார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், என்ன கேட்டாலும் கையைத் தூக்கிவிடும் பழக்கமும் இருந்தது.

வெளியே போகும் முன் கேள்விகளைச் சொந்த வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொன்னார். சனிக்கிழமை செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவை எதிரே உட்காரவைத்துத் தாளைப் பிரித்தேன். கடந்த மூன்று மாதங்களில் குடும்பத்தில் நோய், கவலை ஏதாவது உண்டா?

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கோ" என்றார் அம்மா.

நான்கடி தள்ளி நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். வலது கால் முக்காலி மேல் இருந்தது. கணுக்கால்வரை கட்டு.

அப்பா செம்பனைப் பழம் வெட்டுகிறவர். கீழே கிடந்த மட்டையின் முள் தேய்ந்துபோன பூட்சைத் துளைத்து ஏறிவிட்டது. இனிப்பு நீர் நோய் உள்ள உடம்பு. முள்ளைத் தானே ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனார். புண் ஆறவில்லை. இரண்டு மாதமாக அவர் தன் மோட்டார் சைக்கிளைத் தொடக்கூட இல்லை.

இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பதவி உயர்வுக்கு அவர் பெயர் போயிருந்தது. அப்பாவுக்கு முடியவில்லை என்று தெரிந்தால் வீட்டுக்கு வரச் சூத்தி கேட்பான், சூத்தி கேட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அம்மா நம்பினார். ஞாயிறு சாயங்காலம் அண்ணன் காணொலியில் அழைப்பார். அம்மா முன்வாசலில் உட்கார்ந்து பேசுவார், நான் கைப்பேசியைப் பிடித்துக்கொள்வேன். அப்பா எங்கே என்றால் லுக்குட் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறார் என்பது பதில். அதற்காக, அழைப்பு வருமுன் அப்பாவின் மோட்டாரை வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்துப் பக்கம் தள்ளி வைப்பது என் வேலை. பேசி முடித்ததும் திரும்ப உருட்டி வருவேன். உள்ளறையில் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, மகன் பேசுவதைக் கேட்டபடி இருப்பார்.

இது ஆய்வு, பெயர்கூட எழுதமாட்டோம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பேரு இல்லாட்டி என்னடா, வீடு தெரியும்ல. கிராணி கையில ஏறுன பேப்பரு துரை மேசைக்குப் போகாம இருந்திருக்கா?"

அம்மா வெறுமனே சொல்லவில்லை. அவர் களைக்கு மருந்தடிக்கும் வேலையில் இருந்த காலத்தில் தோட்ட அலுவலகக் கிராணி ஒருவர் தாளோடு வந்து யார் யாருக்கு மூச்சிரைப்பு என்று அக்கறையாகக் கேட்டாராம். உண்மையைச் சொன்ன மூன்று பெண்களின் பெயர் அடுத்த மாதம் வேலைப் பட்டியலில் இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். அன்றிலிருந்து தாளைக் கண்டால் அம்மா நன்றாக இருப்பார்.

நான் கட்டத்தில் 'இல்லை' என்று கோடு போட்டேன்.

குடியிருப்புகளிலும் அதே கதைதான். எல்லாரும் என்னை அன்பாக உட்காரவைத்து, மைலோ கொடுத்து, நல்லா இருக்கோம் தம்பி என்றார்கள். அங்கேயும் வேலையோடு வந்த வீடுகள்தானே. மந்தின் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அக்கா எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' சொன்னார். நான் தாளைப் பையில் வைத்த பிறகு, துவைத்த சீருடையை மடித்துக்கொண்டே, அவர் மாமியார் இறந்ததைச் சொன்னார். கணவர் எல்லையில் இருந்தார். பாவம், தனியாகக் கிடந்து அழுவாரே என்று கருமாதி முடிந்த பிறகுதான் குடும்பமே சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து ஒரு வருடமாகிறது. சாப்பிடுகிறார், பிள்ளைகளோடு விளையாடுகிறார், மனைவியிடம் மட்டும் பேச்சு குறைந்துவிட்டது.

"எனக்காகத்தான் மறைச்சேன்னு மட்டும் சொல்லாதங்குறாரு தம்பி. அதுக்கு நான் என்னலா பதில் சொல்றது?"

அதை எழுதிக்கொள்ளத் தாளில் இடம் இல்லை. வேறெங்காவது சொல்லலாமா என்று கேட்டேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சிரம்பான் ஆஸ்பத்திரியில், விஷம் மேலே ஏறுகிறது, கணுக்காலுக்கு மேலே காலை எடுத்துவிட வேண்டும், வியாழக்கிழமை அறுவை என்று டாக்டர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் திரும்பும்போது அம்பாங்கான் சாலை விளக்கில் வண்டி நின்றது. அப்பா கேட்டார்.

"பெரியவன் எப்ப வர்றான்?"

டிசம்பரில் என்றார் அம்மா. அப்போது ஆகஸ்ட். அப்பா கட்டுப் போட்ட காலை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் அம்மா முகம் கழுவப் போனார். நான் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தேன், ஸ்டாண்டைத் தட்டினேன். பிறகு ஸ்டாண்டைத் திரும்பப் போட்டுவிட்டு வந்து நாற்காலியை எப்போதும் போடும் இடத்திலேயே போட்டேன். அம்மா வந்து உட்கார்ந்தார். பின்னால் பார்க்கவில்லை.

பசியாறினாயா, அங்கே மழையா என்றெல்லாம் பேச்சு போனது. அப்பா எங்கே என்று அண்ணன் கேட்டார். லுக்குட் போயிருக்கிறார் என்றார் அம்மா.

"எதுலம்மா போனாரு? மோட்டாரு உங்க பின்னால நிக்குது."

அம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. கோபம் மட்டும் என்றால் எழுதியிருப்பேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நான் எங்கயும் போகலடா. வீட்லதான் இருக்கேன்."

கைப்பேசியை உள்ளே கொண்டுபோனேன். அப்பா காலைக் காட்டினார். ஏன் மறைத்தீர்கள் என்று அண்ணன் யாரையும் கேட்கவில்லை. எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். உன் அண்ணன் பெயரை நீதான் அடித்தாய் என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது நடந்தால் என்ன செய்வேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அவசர விடுப்பு கிடைத்து, அண்ணன் புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். பையைக்கூட இறக்காமல் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாற்றம் வரும்டா என்றார் அப்பா. வரட்டும் என்றார் அண்ணன். மறுநாள் போகப் போகிற கால் அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பச்சைச் சீருடை மேல் கிடந்தது. பதவி உயர்வு என்ன ஆகும் என்று அம்மா வாசற்படியில் நின்று கேட்டார். அது வரும்போது வரட்டும்மா என்றார். இன்றுவரை வரவில்லை. என்னால்தானா என்று நானும் கேட்டதில்லை.

சாயங்காலம் அண்ணன் வெளியே வந்து அப்பாவின் மோட்டாரை உதைத்தார். இரண்டு, மூன்று, ஐந்து உதை. இருமியதோடு சரி.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "அது எங்கடா ஸ்டார்ட் ஆகும். ரெண்டு மாசமாச்சு யாரும் ஓட்டி."

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். சரிம்மா என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானுமாகத் தள்ளினோம், இந்த முறை பின்பக்கம் அல்ல, ரோட்டுக் கடைசியில் இருக்கும் பட்டறைக்கு.