இரண்டே இரண்டு இருக்கைகள்

ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் நான் தெரிவு செய்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை.

இதை வைத்து என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கு முன் இரண்டு தடவை ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறோம். லண்டனில் நான் பார்த்தது நான்கு வரவேற்பறைகள். பாரிஸில் பார்த்தது கணவருடைய மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு நாள் மச்சான் தன் வான் வண்டியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டப் போனார். ஈஃபில் கோபுரத்தை நான் பின் கண்ணாடிக்குள்ளால், மடியில் யாரோ ஒருவருடைய குழந்தையும் கையில் சூடான வடைப் பொட்டலமுமாகப் பார்த்தேன். வானில் இடம் காணாதென்று மச்சானின் மனைவி வீட்டிலேயே நின்று சுட்டுத் தந்த வடை அது. மெல்பேர்ணுக்குத் திரும்பியதும் "ஐரோப்பா எப்பிடி?" என்று கேட்டவர்களுக்கு, "சாப்பாடு நல்லம்" என்றுதான் சொன்னேன்.

மகள் வேலை கிடைத்து சிட்னிக்குப் போன பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. கல்யாணமாகி முப்பது வருடமாகிவிட்டது. ஒரு தடவையாவது நாங்கள் இருவர் மட்டும் எங்காவது போக வேண்டும். எந்த வீட்டிலும் எங்களுக்காகச் சோறு ஆறிக்கொண்டிருக்கக் கூடாது. தெருவோரக் கோப்பிக் கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலத்தை வீணாக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

போர்ட்டோ, லிஸ்பன், செவில்யா, கொர்டோபா, மட்ரிட், பார்சலோனா. மூன்று கிழமை. ஊர்களில் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. காரா ரெயிலா என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"லிஸ்பனிலையிருந்து செவில்யாவுக்கு நேர ரெயில் இல்லை, பாத்தீரே!" என்றார் கணவர், ஏதோ புதையல் கண்டெடுத்தவர் மாதிரி.

"பஸ் இருக்கு."

"சூட்கேசையும் இழுத்துக்கொண்டோ? கார் எண்டால் நினைச்ச இடத்திலை நிப்பாட்டலாம்."

"நீங்கள் எப்ப நினைச்ச இடத்திலை நிப்பாட்டினீங்கள்? பெற்றோல் முடிஞ்ச இடத்திலைதானே நிப்பாட்டினீங்கள்."

என்னிடமும் காரணங்கள் இருந்தன. அங்கே வீதியின் வலப் பக்கத்தில் ஓட வேண்டும். வாடகைக்கு எடுக்கும் கார்கள் பலவற்றில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். அவர் கடைசியாகக் கியர் மாற்றியபோது மகள் பாலர் பள்ளியில் இருந்தாள். ஒரு நாட்டில் எடுத்த காரை மற்ற நாட்டில் விட்டால் அதற்குத் தனியாகக் காசு அறவிடுவார்கள். பழைய நகரங்களின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் வெளியார் காரை விடவும் மாட்டார்கள். இவ்வளவும் சொன்னேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

உண்மையான காரணம் பின் சீட். காரில் ஒரு சீட் காலியாக இருந்தால் என் கணவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒவ்வொரு நத்தார் விடுமுறைக்கும் மகளைப் பார்க்க சிட்னிக்குக் காரில் போவோம். போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே கோயிலுக்குப் போய், "வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறம், ஆரும் வாறியளோ?" என்று கேட்டுவிட்டு வருவார். ஹரிஸ் பார்க்கில் இறங்க ஓர் அன்ரி, பரமற்றாவில் இறங்க ஓர் அங்கிள், பெயரே தெரியாத ஒரு மாணவன். போன தடவை சீட் முடிந்த பிறகு ஒரு மிருதங்கம் வந்து சேர்ந்தது. ஒன்பது மணித்தியாலம் அதைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு போனது நான்தான்.

இதற்காக அவரோடு முழுக் கோபமும் பட முடியாது. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஸ்பிரிங்வேலில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் விறைத்துக்கொண்டு நின்ற இவரைப் பார்த்து முன்பின் தெரியாத ஒரு தமிழர் காரை நிறுத்தி ஏற்றினார். பிறகு அந்தக் குளிர்காலம் முடியும்வரை தினமும் ஏற்றினார். அந்தக் கடனைத்தான் இவர் மெல்பேர்ண் முழுவதற்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் பாரிஸ் மச்சானோடு கதைக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? கார் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். மச்சான் விடுவாரா?

"புதுசா ஒன்பது சீற் வான் வாங்கி வைச்சிருக்கிறான். 'நீ ஏன் மச்சான் வாடகைக்கு எடுக்கிறாய், நான் கொண்டு வாறன்' எண்டு நிக்கிறான்." கணவரின் முகம் பூத்திருந்தது. "அவன், மனுசி, ரெண்டு பொடியள், மாமி. எங்களோடை ஏழு பேர். இன்னும் ரெண்டு சீற் மிச்சம் இருக்கு. ஆரையும் கேப்பமே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினியில் நின்றேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

"எனக்கு உங்களோடை ஒருக்காத் தனியப் போகோணும்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "வீட்டிலை தனியத்தானே இருக்கிறம்?"

"வீட்டிலை நீங்கள் ரீவியோடை இருக்கிறீங்கள். காரிலை ஊரோடை இருக்கிறீங்கள். ரெயிலிலை ரெண்டு ரிக்கற் எடுத்தால் ரெண்டு சீற்தான் தருவாங்கள். மூண்டாவது சீற்றிலை ஆர் இருக்கிறதெண்டு நீங்கள் முடிவெடுக்கேலாது."

அவர் வெளியே போய்ப் புல் வெட்டினார். முதல் நாள் வெட்டிய புல்தான்.

இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. சனிக்கிழமை மரக்கறி வாங்க ஸ்பிரிங்வேலுக்குப் போனோம். பயணத்துக்கு ஒரு ரைஸ் குக்கர் வேண்டுமென்று அவர் பாத்திரக் கடைக்குள் நுழைந்தார். சோறில்லாமல் அவரால் இரண்டு நாள் தாண்ட முடியாது. பத்துப் பேருக்குப் போதுமான ஒன்றை இறக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு குனிந்து கீழ்த் தட்டிலிருந்து இரண்டு பேருக்கு மட்டும் சோறு அவிக்கும் ஒரு சின்னக் குக்கரை எடுத்தார். தேத்தண்ணிக் கேத்தல் அளவுதான் இருந்தது.

"இதை ரெயிலிலை தூக்கலாம்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நடுக்கடையில் கட்டிப் பிடித்திருப்பேன். கையில் முருங்கைக்காய் இருந்தது.

ஆனால் மச்சானுக்கு யார் சொல்வது? சொந்தக்காரர் எவருக்கும் இவர் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஞாயிறு பின்னேரம், பாரிஸில் காலை, போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். சுகம் விசாரித்தார். காலநிலை விசாரித்தார். மாமியின் முழங்கால் விசாரித்தார். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன்.

"மச்சான், வான் வேண்டாம். நாங்கள் ரெயிலிலை போறம். நானும் அவவும் மட்டும்."

சொல்லும்போது காது சிவந்துவிட்டது. களவெடுத்து அகப்பட்டவர் மாதிரி மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவ்வளவு வடிவாக அவரை நான் கல்யாண வீட்டிலும் பார்க்கவில்லை.

"ஏன் மச்சான், நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?" என்று மச்சான் கேட்டார். கணவர் வாய் திறப்பதற்குள் அங்கே போன் கை மாறியது. மச்சானின் மனைவி என்னோடு கதைக்க வேண்டும் என்றாள். நான் ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்தேன். ஏதோ பொரியும் சத்தம் பின்னால் கேட்டது. கோபிக்கப் போகிறாள் என்று பயந்தேன்.

"அக்கா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "போயிட்டு வந்து எப்பிடி இருந்தது எண்டு சொல்லுங்கோ. எனக்கு மட்டும்."

கையில் வடையும் கண்ணாடிக்கு வெளியே கோபுரமுமாக நான் போன அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று நான் கோபுரத்தையாவது பார்த்தேன்.

"ஓம் தங்கச்சி, உமக்கு மட்டும்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"என்னவாம்? கோவமாமே?" கணவருக்கு இன்னும் காது சிவப்பு இறங்கவில்லை.

"இல்லையப்பா," என்றேன். "அவவுக்கும் ரெயில்தான் வேணுமாம்."