ஊசி போடுவதற்கு முன்

தில்ஷாத்துக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். ரேஷன் கடையோ, தாலுகா ஆபீஸோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் பேசுவது கொழுந்தன் தப்ரேஸ்தான். அவள் பின்னால் நிற்பாள். அந்த வீட்டு வழக்கம் அப்படி. தப்ரேஸின் வாயையும் சும்மா சொல்லக்கூடாது, கல்லைக்கூடக் கரைத்துவிடும்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். திருத்தணியில் இருக்கும் தங்கள் ஒர்க்‌ஷாப்பில் பைக் செயின் மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் தஸ்தகீர் அப்படியே சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில், காதுக்குப் பின்னால் இரும்பு மேஜையின் முனை இடித்தது. டீ கொண்டுபோயிருந்த தில்ஷாத் அதைக் கண்ணால் பார்த்தாள். தப்ரேஸ் ஓடிவந்து அண்ணனின் நெஞ்சை அழுத்தினான். கை ஓயும்வரை அழுத்தினான். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஷாக் கொடுத்து, நின்ற இதயத்தைத் துடிக்கவைத்தார்கள்; நினைவு மட்டும் திரும்பவில்லை. கையோடு எடுத்த ஈசிஜியில் அடைப்பு மாதிரி தெரிகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸில் தப்ரேஸ் கர்ச்சீப்பால் அண்ணனின் முடிக்குள் இருந்த ரத்தத்தைத் துடைத்தான். அண்ணியை அவன் பாபி என்றுதான் கூப்பிடுவான்.

"பாபி, தலையில அடிபட்டதைச் சொல்லவே சொல்லாதீங்க. போலீஸ் கேஸுன்னு உக்கார வெச்சிடுவாங்க. போன வருஷம் நான் வண்டியில விழுந்தப்போ ரெண்டு மணி நேரம் எழுதிகினே இருந்தாங்க. அண்ணன் அவ்ளோ நேரம் தாங்க மாட்டாரு."

அவள் தலையாட்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. டாக்டர் சுசித்ரா வேகமாக வந்தார். "ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டு, இப்பவே ஆஞ்சியோ பண்ணிடலாம். விழுந்தப்போ எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்லீங்க மேடம். சேர்ல உக்காந்துகினே சாஞ்சிட்டாரு," என்றான் தப்ரேஸ், கண் இமைக்காமல்.

ரத்தம் உறையாமல் இருக்க. தில்ஷாத் கட்டிலில் கிடந்த கணவரின் காதோரத்தைப் பார்த்தாள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால்? சொன்னால் நேரம் போகும், இதயம் மறுபடி நின்றாலும் நிற்கும். சொல்லாவிட்டால்? நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தில்ஷாத் ஓரடி முன்னால் வந்தாள். தப்ரேஸ் அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

"பொய்யிங்க டாக்டரம்மா!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தலையில நல்லா அடிபட்டுச்சு. இதோ, இங்க."

டாக்டரின் விரல்கள் காதுக்குப் பின்னால் போய் நின்றன. "ஊசியை நிறுத்துங்க. முதல்ல ஸ்கேன்."

"அண்ணனைக் கொன்னுட்டீங்க பாபி," என்றான் தப்ரேஸ். அவள் ஸ்கேன் ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது உண்மையாகிவிடுமோ?

இருபது நிமிஷம் கழித்து டாக்டர் வந்தார். மூளையின் ஓரத்தில் ரத்தக்கசிவு. "ஊசி போட்டிருந்தா நிக்காம கசிஞ்சிருக்கும்மா. ஈசிஜி திரும்ப எடுத்தோம், இப்போ அடைப்புக்கான அடையாளம் இல்ல. இதயம் திரும்ப துடிக்க ஆரம்பிச்சதுமே எடுக்கிற ஈசிஜி சில நேரம் ஏமாத்தும். ஆஞ்சியோவுக்கு இப்போ அவசரம் இல்ல. முதல்ல அவர் கண் முழிக்கட்டும்."

தப்ரேஸ் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி கேவிக் கேவி அழுதான். தில்ஷாத்துக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே அளவுக்குப் பாவமாகவும் இருந்தது. அந்தக் கை அன்று அழுத்தாமல் இருந்திருந்தால் அவர் ஆம்புலன்ஸ்வரைகூட வந்திருக்க மாட்டார்.

தஸ்தகீர் நாலாம் நாள் கண் திறந்தார். தலைக்காயம் ஆறிய பிறகு, மூன்று வாரம் கழித்து ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

மறுநாள் டாக்டர் அவரிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி ஏதாவது இருந்துச்சா?"

"ஆங், ஒரு மாசமாவே அடைச்சிகினு இருந்துச்சு. இவ பயப்படுவாளேன்னு சொல்லலீங்க."

தில்ஷாத் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படுவேன்தான்," என்றாள். "பயந்து அன்னிக்கே உங்கள இழுத்துகினு வந்திருப்பேன்."