இரண்டு அரைப் போத்தல் வெடிமருந்து

தோட்டாவை நானே நிரப்புகிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் எல்க் மான் வேட்டைக்குப் போவதையே, தமிழர் நிறைய வாழும் எங்கள் புருசெத் பக்கம் பாதிப் பேர் இன்னும் சீரணிக்கவில்லை. கடையில் நல்ல தோட்டா விற்கிறது, உண்மைதான். ஆனால் என் துவக்குக்கு எது ஒத்துவரும் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. உறைபனிக் காலையிலும் ஒரே வேகத்தில் எரிகிற வெடிமருந்து வேண்டும். அதைப் பற்றவைக்கிற பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் பதிக்கும் அந்தச் சின்ன மூடி, அதற்குத் தோதாக இருக்கவேண்டும். பிரைமரை மட்டும் மாற்றினால்கூடப் பழைய வெடிமருந்து அளவை நான் நம்புவதில்லை, குறைந்த அளவிலிருந்து திரும்பத் தொடங்குவேன். சமையலில் உப்பைக்கூடக் கண்ணளவில் போடுகிற எனக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியாது.

போன இலையுதிர்காலம் வேட்டைக் குழுவில் முதல்முறையாக எனக்கென்று துவக்கோடு நிற்க ஓர் இடம் தந்தார்கள். அதுவரை ஆண்டுக்கணக்காக, நாயோடு காட்டுக்குள் நடந்து விலங்கை மற்றவர்கள் பக்கம் கலைத்துவிடுவதுதான் என் வேலை. சந்தோசத்தில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தோட்டாக்களை ஒரு வாரம் முன்பே நிரப்பி வைத்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, இன்னும் சில நிரப்பலாம் என்று பெட்டியைத் திறந்தேன். என்னிடம் இரண்டு அரைப் போத்தல் வெடிமருந்து இருந்தது. ஒன்று எல்க் வேட்டைத் துவக்குக்கு, மற்றது சின்னத் துவக்குக்கு. ஒரே கொம்பனி, ஒரே நிறப் போத்தல், மேலே உள்ள எண் மட்டும் வேறு. இப்போது ஒரு போத்தல்தான் இருந்தது. கழுத்துவரை நிறைந்திருந்தது.

“இஞ்சேருங்கோ, மற்றப் போத்தல் எங்கை?”

கணவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ரெண்டும் அரைவாசியாக் கிடந்தது. ஒண்டாக்கி விட்டனான். இடம் மிச்சமெல்லே?”

முகத்தில் பெருமை வேறு. எங்கள் குசினியில் அதுதானே வழக்கம். பழைய கறித்தூளோடு புதியதைக் கொட்டிக் குலுக்கினால் ஒரு போத்தல் மிச்சம். நான் கத்திவிட்டேன். ஒன்று மெதுவாக எரிவது, மற்றது விரைவாக எரிவது. கலந்தால் எப்படி எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. துவக்கே வெடித்தால், அதில் கன்னத்தை வைத்திருப்பது நான். அதைக் கேட்டதும் மனுசன் வெளிறிப்போனார்.

போத்தலில் இருப்பதை ஒழித்துவிடலாம். ஏற்கெனவே நிரப்பி வைத்தவற்றை என்ன செய்வது? நிரப்பிய அன்று போத்தல் அரைவாசியாக இருந்ததா, நிறைவாக இருந்ததா? தராசையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது எங்கே நினைவிருக்கப்போகிறது. கடைத் தோட்டா வாங்கினாலும், அது எங்கே படுகிறது என்று இலக்கில் சுட்டுப் பார்க்காமல் ஓர் உயிரை நோக்கிச் சுடமாட்டேன். அதற்கு இனி நேரமில்லை.

“நான் தோட்டா நிரப்பினதுக்கு முதலோ, பிறகோ நீங்கள் இதைக் கலந்தது?”

‘பிறகு’ என்று சொல்லுங்கள் என என் குரலே கெஞ்சியது. அது அவருக்கும் விளங்கியிருக்கும். கதிரையில் அமர்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

“ஞாபகம் இல்லையப்பா.”

“வடிவா யோசியுங்கோ.”

“யோசிச்சிட்டன். பிறகெண்டுதான் மனம் சொல்லுது. ஆனா நீர் போகவேணும் எண்ட ஆசையிலை அப்பிடிச் சொல்லுது. எனக்குத் தெரியாது.”

குழுத் தலைவரை அழைத்து, என் தோட்டாக்களை நம்பமுடியாது என்று சொன்னேன். மறுநாள் துவக்கு இல்லாமல், பழையபடி நாயோடு நடந்தேன். வழிநெடுக மனுசனைத் திட்டித் தீர்த்தேன். நாய்க்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. பின்னேரம், எனக்குத் தந்த இடத்தில் நின்றவர் பெரிய எல்க் ஒன்றை வீழ்த்தினார். எல்லோரும் அவருக்குக் கைகொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். திரும்பி வரும்போது காரில் அழுதேன்.

அவர் அன்று ‘பிறகுதான்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், என் கோபம் அந்த நிமிடமே ஆறியிருக்கும். சந்தோசமாகப் போய் அந்தத் துவக்கில் கன்னத்தை வைத்திருப்பேன்.