விளக்குச்சாமி மேல் ஒரு புகார்

அலுவலகத்தில் அவரைச் சாபம் என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி அது. விளையாட்டிலுள்ள முப்பத்தாறு சாமிகளையும் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் இடிச்சாமியை வாய்க்கு வந்தபடி திட்டுவார். திரையில் தன் ஆளின் தலையில் இடி விழுந்தால் 'சரி' என்று குறித்துக்கொள்வார். விளைச்சல் அம்மனுக்கு மூன்று நாள் படையல் வைப்பார்; வயல் இரட்டிப்பாக விளைந்தால் அதற்கும் ஒரு 'சரி'. பன்னிரண்டு வருடமாக இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் சம்பளம். மேனேஜர் முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார்.

வீட்டில் மனைவி முழங்கால் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகச் சோபாவே கதியென்று கிடந்தாள். பொழுது போகாமல் அதே விளையாட்டில் ஒரு சத்திரம் கட்டியிருந்தாள். பதினாறு அறை, வழிப்போக்கர்களுக்கு இலவசம். அதுதான் அவளுக்கு உயிர். எந்தச் சாமியை நம்பி நடத்துகிறாள் என்று கேட்க மட்டும் ஐயாவுக்கு நேரமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விளக்குச்சாமியின் முறை வந்தது. அதன் பீடத்திலிருந்து எண்ணெய் திருடினால் கை விளங்காமல் போக வேண்டும் என்பது சட்டம். இவர் பதினொரு தடவை திருடினார். சாமியோ, திருடிக்கொண்டு போகிறவன் இருட்டில் தடுக்கி விழக் கூடாதென்று வழியெல்லாம் விளக்கேற்றி வைத்தது. மனுஷனுக்கு வந்ததே கோபம். தண்டிக்கத் தெரியாததெல்லாம் ஒரு சாமியா? 'காரணமில்லாமல் மன்னிக்கிறது. பெரிய கோளாறு' என்று புகார் எழுதினார். வியாழக்கிழமைக்குள் சாமியைத் திருத்திவிட்டார்கள். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வரம் அது.

சனிக்கிழமை காலை மனைவி பித்துப் பிடித்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தீர்ந்த நாட்களில் விளக்குச்சாமியின் பீடத்திலிருந்து எடுத்துத்தான் சத்திரத்துக்கு விளக்கேற்றுவாளாம். அது கண்டுகொண்டதே இல்லையாம். நேற்றும் எடுத்திருக்கிறாள். கை விளங்காமல் போய்விட்டது. கொள்ளையர் வந்தபோது தாழ்ப்பாளைக்கூடப் போட முடியவில்லை; பதினாறு அறையும் சாம்பல். எந்தப் பாவி சாமி மனசைக் கெடுத்தானோ என்று திட்டித் தீர்த்தாள்.

இடிக்கே அசையாதவருக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தப் பாவி தான்தான் என்று ஒப்புக்கொண்டார். புகாரில் என்ன எழுதினார் என்பதையும் மறைக்கவில்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. விளையாட்டை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"தெரியாம பண்ணிட்டேன். இந்த ஒரு தடவை மன்னிச்சிடு."

அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"நான் மன்னிச்சா, அதையும் கோளாறுன்னு எழுதிடுவீங்க."