பதினாறு மணி நேரமும் தாய்மாமன் மடியும்

கனடாவிலிருந்து திருச்சிக்கு பிளேன் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று என்னிடமா கேட்கிறாய்? உனக்கு வேறு வேலையே இல்லையா? அடுப்படியில் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? கையில் போன் இருக்கிறதே, தட்டிப் பார். பளிச்சென்று பதில் சொல்லும். அதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

என் மகளுடைய பெண்ணுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் வரவில்லை என்றால் பிள்ளை பெற்றவள் காலத்துக்கும் பேச்சு வாங்க வேண்டும். மாமன் என் ஒரே மகன். டொராண்டோவில் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் அவனால் கிளம்ப முடியும்.

நாள் குறித்தது மாப்பிள்ளையின் அண்ணன். போனைத் தட்டிப் பார்த்தார்.

"பதிமூணாயிரம் கிலோமீட்டர். பதினாறு மணி நேரம்தான் அத்தை. சனிக்கிழமை ராத்திரி தம்பி இங்க வந்து சாப்பிட்டுடுவான். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வச்சுடலாம்."

"அவன் ஒரு நாளைக்கு மேல ஆகும்னு சொல்றானே?"

"பத்திரிகை அடிச்சாச்சு அத்தை."

அங்கிருந்து திருச்சிக்கு நேராக பிளேனே கிடையாதாம். நடுவில் ஏதோ ஊரில் இறங்கி, காத்துக் கிடந்து, வேறு பிளேன் ஏற வேண்டுமாம். அந்தப் போன், வானத்தில் கயிறு கட்டி அளந்த கணக்கைச் சொல்லியிருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வலங்கைமான் பக்கத்துக் கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். மகனைக் காணோம். அண்ணன்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்காரப் போனார்.

"நல்ல நேரம் போயிடும். நானே மடியில வச்சுக்கறேன் அத்தை."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "நீங்க பெரியப்பா. தாய்மாமன் ஆகணும்னா என் வயித்துல பொறந்துட்டு வாங்க. ஆனா இந்த வயசுல எனக்கு அந்தத் தெம்பு இல்லீங்க."

ஆசாரி இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். என் மகள் காதோரம் வந்து அழுதாள். "விட்டுடும்மா. அந்த வீட்டுல நான்ல இருக்கணும்."

"இன்னிக்கு விட்டா நாளைக்கு அவங்களே இதைச் சொல்லிக் காட்டுவாங்கடி" என்று பேத்தியை வாங்கி நானே மணையில் உட்கார்ந்துகொண்டேன்.

"நேரம் போகுது அத்தை!"

"போன்லயே இன்னொரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்களேன்."

என் மகன் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. திருச்சியிலிருந்து வரும் ரோட்டில் பாதிக்குக் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்தார்களாம். கார் ஊர்ந்துதான் வந்ததாம். குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

பேத்தியை அவன் மடியில் வைத்தேன். நேரில் பார்க்காத முகம். வீறிட்டாள். இரண்டு கையையும் நீட்டி, "பெரியப்பா! பெரியப்பா!" என்று கத்தினாள். தினமும் தூக்கி வைத்துக்கொள்கிறவர் அவர்தானே. அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க, வந்து அவ கையைப் பிடிச்சுக்குங்க" என்றேன். வந்து பிடித்துக்கொண்டார். ஆசாரி குத்தினார். என் மகன் முகம் கடுகடுக்கத் தலையைக் குனிந்தபடியே இருந்தான். அந்தக் கோபம் மட்டும் யார் மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரிகள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"என்ன பெரியம்மா, பேத்தி மாமன் மடியில உட்கார்ந்தாளா?"

"உட்கார்ந்தாளாவா? எறங்கவே மாட்டேன்னுட்டா. பிச்சு எடுக்கறதுக்கு நாலு பேர் வேண்டியிருந்துச்சு, போங்கடி" என்றேன்.