எல்போ முப்பத்தேழும் ஒரு மேற்படியும்

அணுமின் நிலையம் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மேல் பயம். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு வெந்நீரின்மேல் பயம். துருவி இதை உறவினர் வீடுகளில் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு எழும். அவருக்கு மட்டும் வராது, ஏனென்றால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

துருவி என்பது காரணப்பெயர். நிலையத்துக் குழாய்களின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுவது அவர் வேலை. துருவை வைத்துப் பிழைப்பவர், எதையும் துருவித் துருவிக் கேட்பவர் என்று இரண்டுக்கும் பொருந்துவதாகக் கேன்டீனில் யாரோ வைத்த பெயர், சம்பளச் சீட்டு தவிர மற்ற எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது. பாத்திரக் கடைக்குப் போனால் அடியைக் கட்டைவிரலால் தடவி, "ரெண்டு மில்லிகூட இல்ல" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வருவார். கல்யாணத்தன்று மணமேடை ஏறும் முன் தங்கள் வீட்டு இரும்புக் கேட்டைத் தட்டிப் பார்த்த மனிதர் இவர் ஒருவர்தான் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

வேலை எளிது. குழாயின்மேல் போர்த்திய காப்புறையைக் கழற்றி, சாக்கட்டியால் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பசை தடவி, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு முனையை வைத்து அழுத்தவேண்டும். அது காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தடிமனைச் சொல்லிவிடும். உள்ளே போகாமலேயே உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளும் வித்தை. இதை முப்பத்தோரு வருடம் செய்தவருக்குத் தன்னுள்ளே இருந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல இருபத்தெட்டு வருடம் ஆயிற்று.

அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அது. டர்பைன் கூடத்தில், கதிர்வீச்சு எட்டிப்பார்க்காத பகுதியில், கொதிநீர் ஓடும் ஒரு பெரிய குழாய் சுவரை ஒட்டித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எல்போ முப்பத்தேழு என்று பெயர். அதில் பதினாறு புள்ளிகள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை நின்றபடி அளக்கலாம். பத்திலிருந்து பதினாறு வரை சுவர்ப்பக்கம். சாரத்தின் பலகையில் ஒருக்களித்துப் படுத்து, சுவருக்கும் குழாய்க்கும் இடையில் கையை நுழைக்கவேண்டும். தண்ணீர் திரும்பும்போது மோதித் தேய்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான் என்பது இயற்கையின் குசும்பு.

அவர் ஒன்பதாவது புள்ளியை முடித்து 9.5 மில்லிமீட்டர் என்று எழுதியபோது, கீழே சாரம் கட்டும் ஆட்கள் வந்து நின்றார்கள். மறுநாள் நிலையம் ஓடவேண்டும். அவர்களுடைய மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, "சார், நீங்களா இறங்குறீங்களா, இல்ல சாரத்தோட சேத்துக் கழட்டட்டுமா?" என்று கேட்டார். துருவி இறங்கினார். ஒன்பது புள்ளியிலும் ஒன்பதரைதான் வந்திருந்தது. மீதி ஏழு மட்டும் என்ன பாவம் செய்திருக்கப்போகிறது? பத்தாம் புள்ளிக்கு நேராக 'மேற்படி' என்று எழுதி, பதினாறு வரை ஒரு கோடு இழுத்தார்.

தமிழில் மேற்படி போல வசதியான சொல் வேறில்லை. பத்திரத்தில் ஆளைச் சுருக்கும், பட்டியலில் உழைப்பைச் சுருக்கும். பின்னால் இரண்டு முறை அந்த எல்போவை வேறு இருவர் அளந்தார்கள். இருவருமே பழைய பதிவேட்டைப் பார்த்து, முன்பக்கத்தை அளந்து, அதே ஒன்பதரை வரவே, சுவர்ப்பக்கத்துக்கு மேற்படி போட்டார்கள். பெரியவர் நடந்த வழி என்றால் சும்மாவா? பிறகு பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினார்கள். கணினிக்கு மேற்படி தெரியாது, 9.5 தெரியும். ஏற்றிய குமாஸ்தா ஒவ்வொரு மேற்படிக்கும் பொறுமையாக 9.5 என்று தட்டி வைத்தார். யாரும் தொடாத ஏழு புள்ளிகளுக்கு இப்போது மூன்று அளவுகள் இருந்தன, மூன்றும் ஒன்றுபோலவே.

நிலையத்துக்குக் கொடுத்த நாற்பது வருட உரிமம் முடிய இரண்டு வருடம் இருந்தது. இன்னும் இருபது வருடம் நீட்டிக்கச் சொல்லி மனுப் போடும் பொறுப்பு ஒரு பெண் பொறியாளரிடம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடும் வகை. ஆனால் காகிதத்தில் கெட்டி. கிழடு தட்டிய நிலையம் எந்த வேகத்தில் தேய்கிறது, இன்னும் இருபது வருடம் தாங்குமா என்று குழாய் குழாயாகக் காட்டவேண்டும். அதற்கு இருந்த ஒரே சாட்சி துருவி காலத்துப் பதிவுகள். அவை தன் கையால் எடுத்த அளவுகள் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட அவரைக் கூப்பிட்டார். கூப்பிட்ட கையோடு கணினியைத் திருப்பிக் காட்டினார். எல்லாக் குழாய்களுக்கும் கோடு சரிந்து இறங்க, ஒன்று மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சுவர்ப்பக்கம் தேய்மானம் பூஜ்யம். மனுவில் முதல் பக்கத்திலேயே அதைப் போடப்போவதாகவும், இருக்கிற பிள்ளைகளிலேயே முப்பத்தேழுதான் தங்கமான பிள்ளை என்றும் பொறியாளர் சந்தோஷமாகச் சொன்னார்.

ஒருமுறைகூடச் சோதிக்கப்படாத பிள்ளைதான் அந்தத் தங்கம் என்பது துருவிக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

அது வருடாந்திரப் பராமரிப்புக் காலம். நிலையம் நின்றிருந்தது; இன்னும் ஒன்பது நாளில் மறுபடி ஓடும். எல்போ முப்பத்தேழுக்கு நேர்கீழே ஒரு மேசை. அதில் ஒரு பிளாஸ்க், ஒரு காலண்டர், கால் உடைந்த மின்விசிறி. பம்புத்தள ஃபோர்மேன் பதினோரு வருடமாக உட்காரும் இடம் அது. குழாயின் சூடு இடுப்பு வலிக்கு இதம் என்று அவரே தேர்ந்தெடுத்தது. அந்த ஃபோர்மேன் துருவியின் மனைவியின் தம்பி. சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவர் துருவி. மேலே குழாய் கிழிந்தால் கொட்டுவது தண்ணீராக இருக்காது, கொட்டும்போதே ஆவியாகிவிடும். ஒரு மூச்சு உள்ளே இழுத்தால் அடுத்த மூச்சுக்கு அவசியம் இருக்காது.

வாயைத் திறக்காமல் காரியம் முடியுமா என்று முதலில் பார்த்தார். முப்பத்தேழையும் இந்த முறை அளக்கும் பட்டியலில் சேர்க்கலாமே என்றார். பட்டியலைக் கணினி போடுகிறது, தேய்மானம் பூஜ்யமானவற்றை அது சேர்க்காது, தேய்கிறவற்றுக்கே சாரம் போதவில்லை என்று பொறியாளர் நியாயமாகவே மறுத்தார். ஜாக்கிரதையானவர் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டே அந்தக் குழாயை நெருங்க வழியில்லை. உறுதிமொழியைப் படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். அந்த அம்மாள் துணியை உதறிக்கொண்டே கேட்டார்.

"மேற்படின்னா?"

"மேல சொன்ன மாதிரியேன்னு அர்த்தம்."

"மேல எவ்வளவு இருந்துச்சு?"

"ஒம்பதரை."

"கீழ?"

"பாக்கல."

இரண்டு துணி கொடியில் ஏறியது. "என் தம்பி எங்க உக்காந்திருக்கான்?"

அவர் வாளியைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல."

"அதுக்கு அடியிலதான்."

"அப்ப இதை எங்கிட்ட எதுக்குங்க சொல்லிட்டு நிக்கிறீங்க? போங்க."

உறுதிமொழி மடிப்புக் கலையாமல் பொறியாளரின் மேசைக்குத் திரும்பியது. கையெழுத்து இல்லை. துருவி நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். கேட்டவர் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், பிறகு கழற்றினார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார் துருவி. சொன்ன பிறகு அவருக்கே அது மட்டமாகப் பட்டது.

"சார், நீங்க இப்ப சொன்னத நான் கேக்காத மாதிரியும் இருந்துடலாம், கேட்ட மாதிரியும் இருக்கலாம்" என்றார் பொறியாளர். "எதுன்னு முடிவு பண்ண ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க."

டீக்குப் போனவர் இருபது நிமிடம் கழித்து வந்து, சாரத்துக்கு உத்தரவு எழுதினார். குடித்தாரா என்பது தெரியாது.

தான் அளக்காமல் எழுதியதைத் தானே அளக்கத் துருவிக்கு அனுமதியில்லை. இரண்டாவது மேற்படியைப் போட்ட ஆள் முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார். மூன்றாவதைப் போட்டவர் இங்கேயே இருந்தார்; அவரும் கூடாது. வெளியிலிருந்து அளப்பவர் ஒருவர் வந்தார். சாரம் கட்ட இடம் வேண்டும் என்று மேசையை நகர்த்தச் சொன்னார்கள். மச்சான் முனகிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தார்.

"பதினோரு வருஷமா ஒரே இடம். என் மேசை மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம், மாமா?"

துருவி மறுமுனையைப் பிடித்தார்.

வந்தவர் ஒருக்களித்துப் படுத்து, சுவர்ப்பக்கம் கையை நுழைத்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். பத்து, ஏழு புள்ளி ஒன்று. பதினொன்று, நான்கு புள்ளி எட்டு. அந்தக் குழாய்க்குச் சட்டப்படி குறைந்தது நான்கு புள்ளி ஏழு வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு, இரண்டு புள்ளி ஆறு. பதின்மூன்றில் சத்தம் வரவில்லை. முனையைத் துடைத்தார், புதிதாகப் பசை தடவினார், கருவியை ஒரு மாதிரித் தகட்டில் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ஒண்ணு புள்ளி மூணு."

குழம்புச் சட்டிகூட அதைவிடத் தடிமனாக இருக்கும். நிலையம் ஓடியிருந்தால் அது கிழிய நாளாகுமா, மாதமாகுமா என்று யாராலும் சொல்லமுடியாது. மச்சான் பம்புத்தளத்துக்காரர், எண்களைக் கேட்டால் புரியும். பிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நாளா, மாமா?"

"இப்படி எப்ப ஆச்சுன்னு சொல்ல முடியாது மச்சான். மெல்ல மெல்லத்தான்—"

"குழாயைக் கேக்கல. பாக்கலன்னு உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"இருவத்தெட்டு வருஷம்."

மச்சான் பிளாஸ்கின் மூடியை இறுக்கினார். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு நடந்து போய்விட்டார். மேசை அங்கேயே நடுவழியில் கோணலாகக் கிடந்தது.

எல்போவை மாற்ற நான்கு நாள்தான் ஆயிற்று. சொல்லை மாற்ற முடியவில்லை. பொறியாளர் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்ப, உரிமம் தரும் அலுவலகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: பழைய பதிவேடுகளில் மொத்தம் எத்தனை மேற்படி? மூன்று பேர் உட்கார்ந்து எண்ணினார்கள். அறுநூற்றுப் பதினொன்று வந்தது. துருவியின் கையெழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பதினான்கு பேருடையது. சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள், ஒருவர் பாதுகாப்புக்காகக் கேடயம் வாங்கியவர். எல்லாவற்றையும் மறுபடி அளக்க மூன்று வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். உரிமத்துக்கு இருந்தது இரண்டு வருடம். நிறுத்திய நிலையத்தை மறுபடி ஓட்டவில்லை. மனு மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது.

குடியிருப்பில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பள்ளியில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கினார்கள். முடிவெட்டுபவர் துருவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நாளைக்கு வரச்சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். அறுநூற்றுப் பத்து மேற்படி போட்ட பதினான்கு பேரை விட்டுவிட்டு, ஒன்றை ஒப்புக்கொண்டவரை ஊர் பிடித்துக்கொண்டது. அவர் சொல்லிவிட்டார் என்பது ஊரின் கோபம். சொல்லவில்லை என்பது மச்சானின் கோபம். இரண்டும் சரியாகவே இருந்ததால் அவரால் யாரிடமும் வாதாட முடியவில்லை.

மச்சான் தூரத்தில் ஒரு காகித ஆலையில் வேலை தேடிக்கொண்டார். சாமான் ஏற்றிய அன்று அக்கா வீட்டுக்கு வந்து, அக்காவிடம் சொல்லிக்கொண்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிப் போனார். செத்தவன் பேசாமலிருந்தால் அழலாம். உயிரோடிருப்பவன் பேசாமலிருந்தால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கவேண்டும். துருவி கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து அக்காவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. புது வீட்டில் தண்ணீர் கஷ்டம், பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டது, இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கடைசியில் தனி வரியாக: மாமாவுக்கும் மேற்படி.

மனைவி அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு கைபேசியைக் கணவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார்.

"உங்களையும் உடம்பப் பாத்துக்கச் சொல்றான்" என்றார் மனைவி. "அதான அர்த்தம்?"

"அளந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார் துருவி.