மீட்டருக்கு வைத்த பொட்டு

துவாஸில் இருக்கும் அந்தக் கப்பல் பட்டறையில் ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ், கையுறை எல்லாம் சரசுவின் கையிலிருந்துதான் போக வேண்டும். வார் நைந்த பெல்ட்டை யாருக்கும் கொடுக்கமாட்டாள். ஹெல்மெட்டின் தாடைப்பட்டையைத் தொங்கவிட்டு வருகிறவனை ஸ்டோர் வாசலிலேயே நிறுத்துவாள். சுவா சூ காங் பேட்டையில் இருக்கும் தன் வீட்டில் வெங்காயம் அரியக்கூடக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறவள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. கீழே தண்ணீர் தெரிந்தால் அவளுக்குத் தலை சுற்றும்.

ஆயுத பூஜையன்று மாலை ஸ்டோரைத் துடைத்து, சாமான்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கடைசியாக கேஸ் மீட்டர்கள். கப்பல் தொட்டிக்குள் பெயின்ட் அடிக்க இறங்குகிறவர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. உள்ளே காற்று கெட்டால் கத்தும். அதன் முகத்தில், சரியாக நடு நெற்றியில், வட்டமாக ஒரு வலைக்கண். பொட்டு வைக்க இதைவிடத் தோதான இடம் ஏது? அழுத்தமாகவே வைத்தாள். முகமது யூசுப்பின் மீட்டரை மட்டும் விட்டுவிட்டாள். அடுத்தவர் மதத்தில் தலையிடுவது அவள் வழக்கமில்லை.

மறுநாள் அவளுக்கு லீவு. தேக்கா சந்தையில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அப்பிய சந்தனத்தில் தராசின் எண்களே தெரியவில்லை. “சாமி எடையையும் மறைச்சிட்டாரு லா,” என்று கடைக்காரர் கட்டைவிரலால் துடைத்தார்.

சரசுவின் கைப்பை நழுவியது. அந்த வலைக்கண் வழியாகத்தான் மீட்டருக்குக் காற்றே போகும்.

சூப்பர்வைசர் ராமலிங்கத்தை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொட்டியில் வேலை பார்க்கிறவர்கள் போனை ஸ்டோர் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். விதியைப் போட்டவள் அவளே. ஆக, தன் பெட்டிக்குத் தானே போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸை அழைத்தால், உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை என்று ஒரு பதிவுக் குரல் காத்திருக்கச் சொன்னது.

டாக்சி பிடித்தாள். டிரைவர் வேகவரம்பை ஒரு முறையும் தாண்டவில்லை. வேறொரு நாளாக இருந்தால் பாராட்டியிருப்பாள். சீட்பெல்ட்டைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். கெட்ட காற்றுக்கு வாசனை இருக்காது, ஆள் களைத்து உட்காருவதுபோல் சாய்ந்துவிடுவான் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். இப்போது அவள் சொன்னதே அவளைத் துரத்தியது.

கேட்டில் காவலுக்கு நின்ற பிரேம் கையை நீட்டித் தடுத்தான்.

“அக்கா, ஹெல்மெட் எங்க? ஷூ எங்க?”

“டேய் பிரேம், உயிர் போற விஷயம்டா!”

“அதைத்தானே அக்கா நீங்க போர்டுல எழுதி மாட்டியிருக்கீங்க. செருப்போட விட்டா முதல்ல என்னைத் திட்டப்போறது நீங்கதான்.”

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு எரிச்சல். அவனுடைய ஹெல்மெட்டையும் காலுக்குச் சேராத பூட்ஸையும் மாட்டி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கப்பலுக்கு ஏறும் படிகளின் இடுக்கில் தண்ணீர் பளபளத்தது. தலை சுற்றியது. சுற்றட்டும் என்று ஏறினாள்.

மேல்தளத்தில், தொட்டி வாயருகே, ஆட்கள் முழு உடுப்போடு வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள்.

“யாராச்சும் உள்ள இருக்காங்களா?”

“எங்கக்கா இறங்குறது?” என்றான் ராமலிங்கம். “பொட்டைத் துடைச்சிட்டு, கத்துதான்னு பாக்க டெஸ்ட் கேஸை அடிச்சுக் காட்டுனேன். யூசுப் மீட்டர் மட்டும்தான் கத்துச்சு. அதை ஒண்ணை வச்சு எல்லாரையும் இறக்குன்னு மேனேஜர் குதிக்கிறாரு. முடியாதுன்னுட்டேன். மட்டமான சரக்கு அனுப்பிட்டானுங்க.”

அவன் துடைத்தது மேலே மட்டும்தான்; வலைக்கண்ணுக்குள் சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டால் பழி மீட்டர் செய்தவனோடு போய்விடும். அடுத்த வருடமும் ஆயுத பூஜை வரும்.

“சரக்கு நல்ல சரக்குதான் தம்பி. அதோட மூக்கை அடைச்சது நான்.”

யூசுப் தொண்டையைச் செருமினான்.

“நேத்து எல்லாருக்கும் பொட்டு, எனக்கு மட்டும் இல்லையேன்னு கோவமா இருந்தேன்க்கா.”

“இப்ப?”

“இப்பவும் கோவம்தான். ஒரு பூவாச்சும் வச்சிருக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சரசு சிரிக்கவில்லை. அவன் மீட்டரை வாங்கி டெஸ்ட் கேஸைக் காட்டச் சொன்னாள். அது காது கிழியக் கத்தியது. “இன்னொரு தடவை,” என்றாள். அதுவும் போதாமல் இன்னொரு தடவை.

பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். படிகளின் கீழே தண்ணீர் அப்படியே இருந்தது. இறங்குவதைப் பற்றி அவள் யோசித்திருக்கவே இல்லை.